கல்சியம், பொட்டாசியம், இரும்புக் குளிசைகள்: இதயத்துக்குக் கேடில்லாமல் எடுப்பது எப்படி

திருகோணமலையில் ஐம்பது வயது தாண்டியவர்கள் இருக்கிற பல வீடுகளில் மருந்து மூன்று வழியாக வந்து சேர்கிறது. கிளினிக்கில் கொடுத்த குளிசை ஒன்று. பாமசியில் தாங்களே கேட்டு வாங்கியது இன்னொன்று. கனடாவிலிருந்தோ கட்டாரிலிருந்தோ வந்த உறவுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போன பெரிய போத்தல் மூன்றாவது. பின்னிரண்டிலும் அனேகமாக இருப்பது கல்சியம், மக்னீசியம், சிங்க், இரும்பு போன்ற தாதுக்கள்தான். ‘சத்துத்தானே’ என்று எடுப்பதால், கிளினிக்கில் ‘வேறு என்ன மருந்து பாவிக்கிறீர்கள்’ என்று கேட்டாலும் இவற்றை யாரும் சொல்வதில்லை.

சொல்ல வேண்டியதற்குக் காரணம் இருக்கிறது. இதயம் மின்னோட்டத்தால் துடிக்கும் தசை. சோடியம், பொட்டாசியம், கல்சியம் ஆகிய அயன்கள் கலச்சுவரைத் தாண்டி உள்ளேயும் வெளியேயும் போய்வருவதால்தான் அந்த மின்னோட்டம் பிறக்கிறது. மக்னீசியம் அந்தப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகிறது. இரத்தத்தில் இவற்றின் அளவு மிகக் குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். மிஞ்சும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் வெளியே தள்ளும் பெரிய வழி சிறுநீரகம். ஆகவே ஒரு தாதுக் குளிசை உங்களுக்கு ஆபத்தா இல்லையா என்பதை முடிவுசெய்பவை இரண்டு: உங்கள் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, அந்தக் குளிசையோடு வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான்.

எல்லாவற்றையும் மேசையில் எடுத்து வையுங்கள்

போத்தல், அட்டை, பைக்கற் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள். தாதுக் குளிசை என்று நீங்கள் நினைக்காதவற்றையும் சேருங்கள். நெஞ்செரிவுக்குச் சப்பும் குளிசையில் கல்சியம் காபனேற்று இருக்கலாம். வயிற்றுக்குக் குடிக்கும் வெள்ளைப் பாணியிலும் மலச்சிக்கலுக்கு எடுக்கும் மருந்திலும் மக்னீசியம் இருக்கும். ஜீவனிப் பைக்கற்றில் பொட்டாசியம் இருக்கிறது. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைட் கலந்திருக்கும். தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் குளிசைகளில் பெரும்பாலானவற்றில் சோடியம் உண்டு.

சித்த மருந்தும் இந்த மேசைக்கு வர வேண்டும். சங்கு பற்பம், பவள பற்பம், முத்துச்சிப்பி பற்பம் ஆகியவை கல்சியத்தை அடிப்படையாகக் கொண்டவை. அயச்செந்தூரம் இரும்பு. சித்த வைத்தியரிடம் போகிறவர்கள் கிளினிக் மருந்துப் பட்டியலை அவரிடமும், அவர் கொடுத்த மருந்தின் பெயரைக் கிளினிக்கிலும் சொல்லுங்கள். இரு பக்கமும் தெரிந்திருந்தால்தான் கணக்குச் சரிவரும்.

பிறகு ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: மருந்தின் பெயர், அதிலுள்ள தாது, ஒரு குளிசையில் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை. மூன்றாவது நிரலில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள்.

குளிசையின் எடை வேறு, அதிலுள்ள தாது வேறு

கல்சியம் காபனேற்று 1250 மி.கி. என்று அட்டையில் போட்டிருந்தால் அதிலுள்ள கல்சியம் 500 மி.கி. மட்டும்தான், ஏனென்றால் காபனேற்றில் கல்சியம் 40 வீதம். சித்திரேற்றில் 21 வீதம். இலக்டேற்றில் 13 வீதம். கர்ப்பிணித் தாய்மாருக்குக் கிளினிக்கில் கொடுக்கும் 300 மி.கி. கல்சியம் இலக்டேற்றுக் குளிசையில் கல்சியம் ஏறத்தாழ 40 மி.கி. தான் வரும். மக்னீசியம் ஒக்சைட்டில் மக்னீசியம் 60 வீதம். 200 மி.கி. ஃபெரஸ் சல்பேற்றிலும் ஃபெரஸ் ஃபியூமரேற்றிலும் இரும்பு ஏறத்தாழ 65 மி.கி.

வெளிநாட்டுப் போத்தல்களில் சிக்கல் வேறு மாதிரி. முன்பக்கம் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் அளவு ஒரு குளிசைக்கு உரியதாக இராது. பின்பக்கம் ‘சேர்விங் சைஸ்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே இரண்டு அல்லது மூன்று குளிசை என்று இருந்தால், கீழே தரும் அளவு அத்தனை குளிசைக்கும் சேர்த்து.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 62 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் போத்தலில் கல்சியம் 1200 மி.கி., இரண்டு குளிசைக்கு. அவர் நாளுக்கு இரண்டு எடுக்கிறார்: 1200. முழங்கால் உளைவுக்கு வேறொரு இடத்தில் எழுதிக் கொடுத்த 1250 மி.கி. காபனேற்று ஒன்று: 500. இரவில் நெஞ்செரிவுக்கு 500 மி.கி. காபனேற்றுச் சப்பும் குளிசை இரண்டு: 400. மொத்தம் 2100 மி.கி. சாப்பாட்டில் வருவதை இன்னும் சேர்க்கவேயில்லை. ஐம்பது தாண்டிய பெண்ணுக்கு உணவும் குளிசையும் சேர்த்து ஒரு நாளைக்கு வேண்டியது 1200 மி.கி.; தாண்டக்கூடாத மேல் எல்லை 2000 மி.கி. தனித்தனியே பார்த்தால் இந்த மூன்றில் எதுவும் பிழையான மருந்தல்ல. சேர்த்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை, அதுதான் பிழை.

கல்சியம்: ஆய்வுகள் சொல்வது

கல்சியக் குளிசை மாரடைப்பைக் கூட்டுமா என்ற கேள்வி பெரிதாக எழுந்தது 2008 இல். நியூசிலாந்தின் ஒக்லாந்தில் மாதவிடாய் நின்ற 1471 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து ஆண்டுகள் தினமும் 1 கிராம் கல்சியமும், மற்றவர்களுக்கு வெறுங்குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள். கல்சியம் எடுத்தவர்களிடம் மாரடைப்புக் கூடுதலாகத் தெரிந்தது. 2010 இல் அதே குழு பல சோதனைகளைச் சேர்த்து, ஏறத்தாழ 12,000 பேரை வைத்துக் கணக்கிட்டபோது மாரடைப்பு ஆபத்து சுமார் 30 வீதம் கூடியிருந்தது. மறுபக்கத்தில், அமெரிக்காவில் 36,000 இற்கு மேற்பட்ட பெண்களுக்கு 1000 மி.கி. கல்சியமும் 400 ஐ.யூ. விற்றமின் டி யும் கொடுத்த பெரிய சோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது இதயத்துக்குக் கேடு தெரியவில்லை. 2016 இல் அமெரிக்காவின் எலும்பு, இதய நிபுணர் அமைப்புகள் இரண்டு சேர்ந்து, உணவும் குளிசையுமாக மேல் எல்லையைத் தாண்டாதவரை இதயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பானது என்று கருதலாம் என்றன. அதே ஆண்டு வெளிவந்த இன்னோர் ஆய்வு, கல்சியத்தை உணவிலிருந்து பெறுவோரைவிடக் குளிசையாக எடுப்போரின் இதயக் குழாய்களில் கல்சியம் படிவது கூடுதல் என்று காட்டியது. 2022 இல் பெருநாடி வால்வு சுருங்கிய முதியவர்களைப் பின்தொடர்ந்த ஆய்விலும், கல்சியக் குளிசை எடுத்தவர்களிடம் இறப்பும் வால்வு மாற்றும் தேவையும் கூடுதலாக இருந்தன.

இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் நடைமுறைக்கு ஒரு விடயம் தெளிவு. சாப்பாட்டில் வரும் கல்சியம் மெதுவாகச் சேர்கிறது. ஒரே தடவையில் விழுங்கிய 1000 மி.கி. குளிசை இரத்தக் கல்சியத்தைச் சில மணி நேரத்துக்கு உயர்த்திவிடுகிறது. குழாய்ச் சுவரில் கல்சியம் படிய இந்த ஏற்றம் உதவலாம் என்பது ஆய்வாளர் பலரின் கணிப்பு. ஆகவே எங்கள் ஆலோசனை இது.

முதலில் உணவைக் கணக்கிடுங்கள். 200 மி.லீ. பசும்பாலில் 240 மி.கி. அளவு கல்சியம் இருக்கிறது. எருமைப் பாலில் அதைவிடக் கூடுதல், ஆகவே கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து வரும் சட்டித் தயிரில் ஒரு கோப்பை நல்ல பங்கைத் தந்துவிடும், சீனியோ பாணியோ அதிகம் ஊற்றாமல் சாப்பிட்டால். குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 340 மி.கி. அளவு உண்டு. நெத்தலி, சூடை போன்ற சின்ன மீனை முள்ளோடு சாப்பிட்டால் அந்த முள்ளே கல்சியம். நெத்தலிக் கருவாட்டிலும் கல்சியம் நிறைய, ஆனால் உப்பும் நிறைய; பிரஷர் உள்ளவர்கள் ஊறவைத்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள், அளவாகச் சாப்பிடுங்கள். முருங்கை இலை, எள்ளு இரண்டும் கணக்கில் சேரும்.

உணவில் 700 மி.கி. வருகிறது என்றால், 1200 தேவைப்படுகிறவர் குளிசையால் நிரப்ப வேண்டியது 500 மட்டும். அதுவும் ஒரு தடவைக்கு 500 மி.கி. இற்கு மேல் வேண்டாம். அதற்கு மேல் எடுத்தால் உடம்பு உறிஞ்சும் வீதம் குறைகிறது. காபனேற்றைச் சாப்பாட்டோடு எடுங்கள், அது கரைய வயிற்று அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைக் குறைக்கும் ஒமேப்ரசோலைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்குச் சித்திரேற்று நல்லது, அதை வெறும் வயிற்றிலும் எடுக்கலாம்.

விற்றமின் டி யைத் தனியாகக் கவனியுங்கள். 50,000, 60,000 ஐ.யூ. குளிசைகள் கிழமைக்கு ஒன்று என்று எழுதப்படுபவை. அதைத் தினமும் ஒன்றாக எடுத்து, கூடவே கல்சியமும் எடுத்தால் இரத்தக் கல்சியம் உயர்ந்துகொண்டே போகும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், ஓங்காளம், சோர்வு, பேச்சில் தடுமாற்றம் என்று தொடங்கி இதயத் தாளம் பிசகும்வரை போகலாம். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதையசைட் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல், அந்தக் குளிசை சிறுநீரில் கல்சியம் வெளியேறுவதைக் குறைக்கிறது. டிகொக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் கல்சியம் தொடவே வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு வைத்தியர் எழுதித் தந்த கல்சியத்தை நிறுத்தாதீர்கள். எலும்புத் தேய்வுக்கு மருந்து எடுப்பவர், தைரொயிட் சத்திரசிகிச்சையின் பின் கல்சியம் குறைந்தவர், கர்ப்பிணி, சிறுநீரக வருத்தத்தில் பொஸ்பேற்றைக் கட்டுப்படுத்தச் சாப்பாட்டோடு காபனேற்று எடுப்பவர் ஆகியோருக்கு அது மருந்து. நிறுத்த வேண்டியது தானாகச் சேர்த்த மேலதிகக் குளிசையை.

சிறுநீரக எண்ணைக் கேட்டு வாங்குங்கள்

பொட்டாசியத்துக்குப் போகுமுன் இது வேண்டும். இரத்தப் பரிசோதனைத் தாளில், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் சாதாரண எல்லைக்குள் இருந்தால் சிறுநீரகம் நலம் என்று நினைப்பது பெரிய தவறு. 1.1 என்ற அதே அளவு, 30 வயது ஆணுக்கு ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வடிகட்டும் கணக்கில் 92 அளவு வரும். 70 வயதுப் பெண்ணுக்கு 54 தான் வரும். ஆகவே கிளினிக்கில் ‘என்னுடைய ஈ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு’ என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவியுங்கள்.

60 இற்குக் கீழ் என்றால் பொட்டாசியம், மக்னீசியம் இரண்டையும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது. 30 இற்குக் கீழ் என்றால் மக்னீசியம் உள்ள வயிற்று மருந்துகூட வேண்டாம். சலரோகம், பிரஷர் நெடுநாள் உள்ளவர்களும், வட மத்திய மாகாண எல்லையை ஒட்டிய பதவி ஸ்ரீபுர போன்ற இடங்களில் வாழ்பவர்களும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக வருத்தம் அந்தப் பக்கம் உண்டு, நெடுங்காலம் எந்த அறிகுறியும் காட்டாது.

பொட்டாசியம்: விரைவாகக் கொல்லக்கூடியது

மற்றத் தாதுக்களின் கேடு பெரும்பாலும் மாதங்கள், ஆண்டுகள் எடுத்து வரும். பொட்டாசியத்தின் கேடு ஒரே நாளில் வரலாம். இரத்தத்தில் லீற்றருக்கு 3.5 முதல் 5.0 மி.மோல் வரை இருக்க வேண்டும். 6 ஐத் தாண்டினால் அவசரம். இதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் ஈ.சி.ஜி. யில் முதலில் T அலை கூர்மையாக உயரும், பிறகு அலைகள் அகலும், அதன்பின் இதயம் நின்றுவிடலாம். மோசமானது என்னவென்றால், நோயாளிக்கு அதற்கு முன் எதுவும் தெரியாமலே இருக்கலாம். தெரிந்தாலும் கை கால் சோர்வு அளவில்தான். குறைந்தாலும் ஆபத்து: 3 இற்குக் கீழே இறங்கினால் தாளம் பிசகலாம். அதனால்தான் இது ஊகித்து எடுக்கக்கூடிய மருந்தல்ல.

600 மி.கி. பொட்டாசியம் குளோரைட் குளிசை ஒன்றில் 8 மி.மோல், அதாவது 310 மி.கி. அளவு பொட்டாசியம். இதை அனேகமாக ஃபுரூசமைட் போன்ற சிறுநீர் போகும் குளிசையோடு கொடுப்பார்கள், அந்தக் குளிசை பொட்டாசியத்தை வெளியே கொண்டுபோவதால். அடிக்கடி நடக்கும் பிழை இங்கேதான்: காலில் வீக்கம் வற்றியதும் சிறுநீர்க் குளிசையை நிறுத்திவிட்டு, பொட்டாசியத்தை மட்டும் ‘சத்து’ என்று தொடர்வது. ஒன்று நிற்கும்போது மற்றதும் நிற்க வேண்டுமா என்று அதே நாளில் கேளுங்கள். எடுக்கும்போது நிமிர்ந்து இருந்து, ஒரு கோப்பை நிறையத் தண்ணீரோடு முழுதாக விழுங்குங்கள். சப்பவோ உடைக்கவோ கூடாது. மெதுவாகக் கரையச் செய்த குளிசை உடைந்தால் குடலைப் புண்ணாக்கும், பொட்டாசியமும் ஒரேயடியாக இறங்கும்.

உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்துகளை மனதில் வையுங்கள்: எனலாப்ரில், கப்டோப்ரில், லிசினோப்ரில், லோசார்டன், ஸ்பைரோனோலக்டோன், அமிலோரைட். கோ-ட்ரைமொக்சசோல் என்ற கிருமி மருந்தும், டைக்ளோஃபெனக், ஐபுபுரோஃபென் போன்ற நோ மருந்துகளும் அதே வேலையைச் செய்யும். லோசார்டன் எடுக்கும் சலரோக நோயாளி ஒருவர், முழங்கால் நோவுக்குப் பாமசியில் டைக்ளோஃபெனக் வாங்கி, பிரஷருக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்புக்கும் மாறினால், மூன்று கதவும் ஒரே நேரத்தில் திறந்த மாதிரி.

அந்த உப்பைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். 75 வீதம் சோடியம் குளோரைட்டும் 25 வீதம் பொட்டாசியம் குளோரைட்டும் கலந்த உப்பைச் சீனாவின் 600 கிராமங்களில் சோதித்து 2021 இல் வெளியான பெரிய ஆய்வில் பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அது நல்ல உப்பு. ஆனால் பாரதூரமான சிறுநீரக வருத்தம் உள்ளவர்களையும் பொட்டாசியம் தேக்கும் சிறுநீர்க் குளிசை எடுப்பவர்களையும் அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. அப்படிக் கலந்த 5 கிராம் உப்பில் 650 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது, இரண்டு குளிசைக்கு மேல். வீட்டில் ஒருவருக்குச் சிறுநீரக வருத்தம் இருந்தால் அந்த உப்பைக் குசினிக்குள் கொண்டுவராதீர்கள். ஒரே சட்டிக் கறியைத்தான் எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

இளநீரும் இதே கணக்குத்தான். 100 மி.லீ. இளநீரில் ஏறத்தாழ 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம் உண்டு. 300 மி.லீ. குடித்தால் 600 முதல் 750. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெயிலுக்கு இரண்டு மூன்று செவ்விளநீர் குடிப்பது ஆரோக்கியமான ஆளுக்கு ஒன்றும் செய்யாது. ஈ.ஜி.எஃப்.ஆர். குறைந்து, ஸ்பைரோனோலக்டோனும் எடுக்கும் இதய நோயாளிக்கு அது வைத்தியசாலையில் முடியலாம். அவர் தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கட்டும், வைத்தியர் சொன்ன அளவில். ஜீவனி வயிற்றோட்டத்துக்கான மருந்து. களைப்புக்குக் குடிக்கும் சர்பத் அல்ல.

பரிசோதனையில் பொட்டாசியம் கூடியிருந்தால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஊசியால் இரத்தம் எடுக்கும்போது இரத்தக் கலங்கள் உடைந்தாலோ, மாதிரி நெடுநேரம் கிடந்தாலோ எண் பொய்யாக உயரும். அதற்காக ‘பொய்யாக இருக்கும்’ என்று வீட்டுக்குப் போகக்கூடாது. அன்றே ஈ.சி.ஜி. எடுத்து, மறுபடி இரத்தம் சோதிக்க வேண்டும்.

மக்னீசியம்

இரவில் கெண்டைக்கால் பிடிப்பதற்கும் நித்திரைக்கும் என்று இப்போது அதிகம் எடுக்கப்படுவது இதுதான். உணவைத் தவிர்த்துக் குளிசையாக மட்டும் ஒரு நாளைக்கு அமெரிக்கக் கணக்கில் 350, ஐரோப்பியக் கணக்கில் 250 மி.கி. தான் மேல் எல்லை. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு அளவு மிஞ்சினால் முதலில் வயிற்றோட்டம் வந்து எச்சரித்துவிடும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கோ மக்னீசியம் இரத்தத்தில் தேங்கி, பிரஷர் விழும், நாடி மெதுவாகும், கடைசியில் இதயத்தின் மின்னோட்டமே தடைப்படும். மலச்சிக்கல் உள்ள முதியவர்களிடம் இது கூடுதலாக நடக்கிறது: மருந்து குடலில் நெடுநேரம் தங்கி உறிஞ்சப்படுகிறது, மலம் போகவில்லை என்று இன்னும் குடிக்கிறார்கள். மக்னீசியம் அடங்கிய எப்சம் உப்பை வாயால் குடிப்பதும் இதே வகை.

குறைவதும் இதயத்துக்குக் கேடு. ஒமேப்ரசோலை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களிடம் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011 இல் எச்சரித்தது. மக்னீசியம் குறைந்திருக்கும்வரை பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் ஏறாது. ஆகவே பொட்டாசியம் அடிக்கடி குறைகிறவர் மக்னீசியத்தையும் சோதிக்கக் கேட்கலாம்.

இரும்பு: சோதிக்காமல் தொடங்க வேண்டாம்

ஈமோகுளோபின் குறைவு என்றதும் இரும்பு எடுக்கிறோம். ஆனால் சின்னச் சிவப்பணு, குறைந்த ஈமோகுளோபின் என்ற அதே தோற்றம் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்திகளிடமும் இருக்கும். இலங்கையில் அப்படிப்பட்டவர்கள் கணிசமாக உண்டு. அவர்களுக்கு இரும்புக் குறைவு இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இரும்பு கொடுத்தால் ஈமோகுளோபின் ஏறாது, இரும்பு மட்டும் சேரும். தலசீமியா நோயே உள்ளவரிடம் அந்த இரும்பு இதயத் தசையில் படிந்து, தாளத்தைப் பிசகச் செய்து, இதயத்தைத் தளர்த்திவிடும். மனித உடம்புக்கு மிஞ்சிய இரும்பை வெளியே தள்ளும் வழியே கிடையாது. எனவே மூன்று மாதம் ஒழுங்காக எடுத்தும் ஈமோகுளோபின் ஏறாவிட்டால் அளவைக் கூட்டாதீர்கள். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், ஈமோகுளோபின் வகை பார்க்கும் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஐம்பது தாண்டிய ஆணுக்கும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இரும்பு குறைந்தால் எங்கே இரத்தம் போகிறது என்று தேடுவதே முதல் வேலை.

இதயம் பலவீனமானவருக்கு உண்மையாகவே இரும்பு குறைந்திருந்தால் அதை நிரப்புவது அவருக்கு நல்லது. எப்படி நிரப்புவது என்பதை இதயக் கிளினிக் முடிவுசெய்யட்டும்.

குழந்தைகள் உள்ள வீடுகளில் மிகுந்த கவனம் வேண்டும். 10 கிலோ குழந்தை 65 மி.கி. குளிசை மூன்றை விழுங்கினால் நஞ்சு தொடங்கும் அளவு, பத்து என்றால் உயிர் ஆபத்து. வாந்தி எடுத்துச் சில மணி நேரத்தில் குழந்தை தெளிந்த மாதிரி விளையாடும்; அதற்குப் பிறகுதான் பிரஷர் விழுந்து இதயமும் ஈரலும் தளரும். விழுங்கியது தெரிந்த உடனே, குழந்தை நல்லாகத் தெரிந்தாலும், போத்தலோடு வைத்தியசாலைக்குப் போங்கள். கர்ப்பகாலக் குளிசைகளைப் பூட்டி வையுங்கள்.

மற்றவை, சுருக்கமாக

சிங்க் நாளுக்கு 40 மி.கி. மேல் எல்லை. மாதக்கணக்கில் அதைத் தாண்டினால் உடம்பில் செம்பு குறைந்து இரத்தச்சோகையும் கை கால் விறைப்பும் வரும், மிக அதிக அளவில் நல்ல கொலஸ்ட்ரோலும் குறையும். செலீனியம் அடியோடு இல்லாவிட்டால் இதயத் தசை கெடும் என்பது சீனாவின் கேஷான் பகுதியில் கண்ட உண்மை, ஆனால் போதிய அளவு உள்ளவர் மேலும் எடுத்தால் இதயத்துக்கு நன்மை இல்லை. 400 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. அயடின் அடங்கிய கடற்பாசிக் குளிசைகள் வேண்டாம். 1995 முதல் இங்கே உப்பில் அயடின் சேர்க்கிறார்கள், அதற்கு மேல் பெருமளவு போனால் சிலருக்குத் தைரொயிட் கூடி நாடி ஒழுங்கற்று ஓடும்.

நுரைத்துக் கரையும் குளிசைகளை யாரும் உப்பாகப் பார்ப்பதில்லை. 500 மி.கி. கரையும் பரசிட்டமோல் ஒன்றில் 400 மி.கி. அளவு சோடியம் இருக்கிறது. நாளுக்கு எட்டு என்றால் 3200. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 2000 மி.கி. கரையும் கல்சியமும் விற்றமின் சி யும் இதே வகைதான், பிரஷரும் இதய பலவீனமும் உள்ளவர்கள் விழுங்கும் குளிசைக்கு மாறுங்கள்.

நேரமும் இடைவெளியும்

தைரொயிட்டுக்கான தைரொக்சினை அதிகாலை வெறும் வயிற்றில் எடுத்தால், கல்சியத்துக்கும் இரும்புக்கும் நான்கு மணி நேரம் கழியட்டும். எலும்புக்கான அலென்ட்ரோனேற் எடுக்கும் நாளில் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே சாப்பாடும் மற்றக் குளிசைகளும். சிப்ரோஃப்ளொக்சசின் என்ற கிருமி மருந்து தந்தால், அதை எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் கல்சியம், இரும்பு, மக்னீசியம் வேண்டாம். அவற்றை எடுத்துவிட்டிருந்தால் ஆறு மணி நேரம் பொறுங்கள். கல்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு வீணாகும், தேத்தண்ணியோடு எடுத்தாலும் அப்படித்தான். வசதியான ஒழுங்கு ஒன்று: விடிய தைரொக்சின், மத்தியானச் சாப்பாட்டோடு கல்சியம், இரவு படுக்குமுன் இரும்பு.

வாங்கும்போது பெயர்ப்பலகை உள்ள பாமசியில், தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபையில் பதிவான பொருளாகக் கேளுங்கள். கடற்கரை ஈரக்காற்றில் திறந்த போத்தல் விரைவில் பழுதாகும். குளிசைகள் ஒட்டிப்பிடித்தாலோ நிறம் மாறினாலோ எறிந்துவிடுங்கள். குசினி யன்னலோரத்தில் வைக்காதீர்கள்.

எப்போது பரிசோதனை, எப்போது வைத்தியசாலை

எனலாப்ரில், லோசார்டன், ஸ்பைரோனோலக்டோன் ஆகியவற்றில் ஒன்றைப் புதிதாகத் தொடங்கினாலோ அளவைக் கூட்டினாலோ ஒன்று முதல் இரண்டு கிழமைக்குள் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். நீங்களே போட்ட நான்கு நிரல் தாளைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்து, ஒவ்வொரு முறையும் காட்டுங்கள். வயிற்றோட்டம், வாந்தி, காய்ச்சலால் தண்ணீர் வற்றிய நாட்களில் பொட்டாசியம், மக்னீசியம் குளிசைகளை அன்றே கேட்டுச் சரிசெய்யுங்கள். நேற்றுவரை சரியாக இருந்த அளவு அந்த நாட்களில் மிஞ்சிவிடும்.

நெஞ்சு நோவு, மயக்கம், நாடி விட்டுவிட்டு அடிப்பது, நிமிடத்துக்கு 50 இற்குக் கீழ் இறங்குவது, திடீரென்று கால்கள் தூக்க முடியாமல் சோர்வது, மூச்சு வாங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும் 1990 இற்கு அழைத்துச் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஓட்டோவில் ஏற்றி அலைய வேண்டாம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையானாலும், கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளானாலும், உள்ளே போனவுடன் முதலில் சொல்ல வேண்டியவை: என்ன குளிசை, கடைசியாக எப்போது, எத்தனை, சிறுநீரக வருத்தம் உண்டா. பொட்டாசியம் மிஞ்சியது ஈ.சி.ஜி. யில் தெரிந்தால் கல்சியத்தை நாளத்தில் ஏற்றுவார்கள். சில நிமிடத்தில் அது இதயத்தை நிலைப்படுத்தும், பிறகு பொட்டாசியத்தை இறக்கும் மருந்துகள் கொடுக்க நேரம் கிடைக்கும். ஆனால் டிகொக்சின் எடுப்பவர் என்றால் அதைக் கவனமாகத்தான் ஏற்றுவார்கள். ஆகவே டிகொக்சின் எடுத்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், போத்தல்களையும் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கூடவே கொண்டுபோங்கள்.